தோல்குடிலில் பால் காய்ச்சிய நாள்

எவரும் குடியிருக்கப் போகாத ஒரு வீட்டின் மீது, தனக்கென்று ஒரு வீடில்லாத ஒருத்தி பொறாமை கொள்வது நியாயமா? தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு செப்டெம்பர் முற்பகல், ஸ்காபரோவின் கிழக்கோரத்து ஆற்றுப் பள்ளத்தாக்கில், கையில் பால் பைகளோடு நின்றபோது இந்தக் கேள்வியிலிருந்து என்னால் தப்ப முடியவில்லை. நான் பட்டம் பெற்றது சமூகவியலில். பிறருடைய நடத்தைக்குக் காரணம் சொல்லப் பழகியிருந்தேன். அன்று எனக்குள் எழுந்ததற்கு மட்டும் அந்தப் படிப்பிலிருந்து ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை.

அந்தக் காலத்தில் நானும் கணவரும் ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், அவருடைய நண்பர் குடும்பம் வாடகைக்கு எடுத்திருந்த அப்பார்ட்மென்டின் ஓர் அறையில் இருந்தோம். கனடாவுக்கு வந்த புதிதில், சில மாதங்களுக்கு என்று பேசிக்கொண்டு போன அறை அது. மாதங்கள் ஆண்டுகளாகியிருந்தன. நண்பரின் மனைவியை நான் அக்கா என்று அழைத்தேன், அன்பானவர். என்றாலும் சமையலறை அவருடையது. பல்கனி அவருடைய துணிக்கொடிக்கும் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கும் உரியது. கணவருக்குக் காட்போட் பெட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில் உறங்குவார். ஆகவே எங்கள் அறையின் திரை எப்போதும் மூடியே கிடக்கும். எனக்கு வாசிக்க ஏதும் இருந்தால் கீழ்த்தளத்து லோண்டரி அறைக்குப் போய், சுழலும் இயந்திரங்களுக்கு எதிரே வாங்குப் பலகையில் அமர்ந்து வாசிப்பேன்.

இதிலே விசித்திரம் என்னவென்றால், புதிதாக வந்த குடும்பங்களுக்கு வீடு தேடிக் கொடுப்பதுதான் என் தொழில். ஒரு சமூக சேவை அலுவலகத்தில் இருந்து, யார் எங்கே விண்ணப்பிக்கலாம், எந்தக் கட்டடத்தில் குளிருக்குச் சூடு ஒழுங்காக வரும் என்று நாள் முழுவதும் ஆலோசனை சொல்லிவிட்டு, மாலையில் அக்காவின் சமையலறை ஒழியும்வரை காத்திருப்பேன்.

எங்கள் முறைக்கும் ஓர் இடத்தில் காத்திருந்தோம். மல்வேர்னில் ஒரு கோ-ஒப்; குடியிருப்பவர்களே சேர்ந்து நடத்தும் வீட்டுத் தொகுதி. வாடகை கட்டுப்படியாகும். நினைத்த மாத்திரத்தில் எவரும் எழுப்பிவிட முடியாது. அந்த ஓகஸ்டில் அங்கிருந்து தொலைபேசி வந்தது. ஒக்டோபரில் ஒரு வீடு காலியாகிறது. செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை இருவரும் வந்து உறுப்பினர் குழுவைச் சந்திக்க வேண்டும். தவறினால் வீடு அடுத்தவருக்கு, நாங்கள் மறுபடியும் வரிசையின் அடிக்கு.

கணவரிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார். அவருடைய நகங்களுக்கு அடியில் களிமண் இருந்தது. சட்டையில் புகை மணத்தது.

புகை வந்தது குடிலிலிருந்து. பனிப்பாளங்கள் விலகிய பின்பு இந்தப் பக்கங்களில் கரிபூ மான் கூட்டங்களைத் தொடர்ந்து திரிந்த ஆதி வேட்டைக்காரர்களின் வீட்டை முழு அளவில் கட்டிப் பார்க்க ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியை முயன்றுகொண்டிருந்தார். அந்த மக்களுக்குப் பயிர் இல்லை, மட்பாண்டம் இல்லை. அவர்களுடைய வீடுகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. கம்பும் தோலும் உக்கிப்போக, எஞ்சியவை கற்கள் மட்டுமே. கட்டுவதற்குத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள். தொழிற்சாலைத் தோழர் ஒருவரோடு கணவர் வேடிக்கை பார்க்கப் போனார். ஊரில் கட்டடப் பொறியியல் படித்தவர். இங்கே பல ஆண்டுகளாக அவரிடம் எவரும் ஒரு பாரத்தை எது தாங்கும் என்று கேட்டதில்லை. குடிலில் கேட்டார்கள். அதன்பிறகு சனிக்கிழமை என்றால் குடில்தான்.

"சுவர் எங்க நிண்டதெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கினம், தெரியுமே?" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார். "கல்லை உடைச்சு ஆயுதம் செய்யேக்க சில்லுத் தெறிக்கும். வெட்டவெளியெண்டா நாலு பக்கமும் பறக்கும். சில இடங்களில சில்லெல்லாம் ஒரு கோட்டில வந்து டக்கெண்டு நிண்டிடும். அங்கதான் சுவர். சுவர் போயிட்டுது, சில்லு நிண்ட இடம் இருக்கு."

அக்கா சோற்றுச் சட்டியோடு நின்றார். "உம்மட மனுசனுக்கு இல்லாத சுவரெல்லாம் தெரியுது" என்றார் என்னிடம். "எங்கட பாத்ரூம் சுவரில ஓதம் ஏறுறது மட்டும் கண்ணில படாது. கவனம் தங்கச்சி, படங்களில வாற மாதிரி மனுசன் சின்ன வீடு வைச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிப்பின் நடுவிலேயே அடுத்த விளக்கத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுவதும் குடில் எங்கள் அறைக்குள்ளேயே வளர்ந்தது என்று சொல்லலாம். முதலில் நிலத்தை ஒரு சாண் ஆழம் சுரண்டித் தாழ்த்த வேண்டும். அப்போது காற்று தலைக்கு மேலால் போகும். இளம் மரக்கம்புகளைச் சாய்வாக நட்டு, வளைத்து, தலைகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆணி இல்லை; ஊறவைத்த ஸ்புரூஸ் மரவேர்தான் கயிறு. அடிப்பகுதிக்கு மரப்பட்டை, மேலே, மான்தோல் கிடைக்காததால், தைத்த மாட்டுத் தோல், பொருத்துகளில் பாசி. அடுப்பு நடுவில் அல்ல, வாசலை அண்டிச் சற்றுத் தள்ளி. இல்லாவிட்டால் புகை உள்ளேயே சுற்றும். படுக்கை பின்புறத்தில், மரக்கிளைகளின் மேல் தோல் விரித்து.

ஆரம்பத்தில் அறிவார்வத்தோடு கேட்டேன். பிறகு ஒரு மாலை அவர் சொன்னார்: "கல் உடைக்கிறவர் வாசலுக்குக் கிட்ட இருந்திருப்பார் எண்டு நான் சொன்னன். அங்கதானே வெளிச்சம். பேராசிரியை ஓம் எண்டிட்டா, அந்த இடத்தில ஒரு கல்லும் போட்டாச்சு." அவருடைய முகம் மலர்ந்திருந்தது. மறைந்துபோன ஒரு மனிதர் எந்த வெளிச்சத்தில் இருந்து வேலை செய்வார் என்று நினைத்துப் பார்த்து, அவருக்கு இருக்கையும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். நான் லோண்டரி அறைக்கு எடுத்துச் செல்லவிருந்த அலுவலகக் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றுதான் அந்தச் சொல்லை எனக்கு நானே முதன்முதல் சொல்லிக்கொண்டேன்: பொறாமை.

அங்கே தன்னார்வலர்களுக்குப் பொறுப்பாக ஓர் ஆய்வு மாணவி இருந்தார். சென்னையிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவர். கணவரின் பேச்சில் "அந்தப் பிள்ளை" அடிக்கடி வரும். அவர்களுக்கிடையே தவறாக ஏதும் இருப்பதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அப்படி நினைத்திருந்தால் என் பொறாமைக்கு ஒரு கௌரவமாவது கிடைத்திருக்கும்.

செப்டெம்பரில் கடைசித் தோலும் கட்டியாயிற்று. மல்வேர்ன் சந்திப்புக்கு முந்திய சனிக்கிழமை காலை கணவர் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார். "இஞ்சரும், இண்டைக்கு நீரும் வாரும். வரேக்க பாலும் வாங்கிக்கொண்டு வாரும்." தேநீருக்கு என்று எண்ணி, பஸ் எடுத்து, கடைசித் தரிப்பிடத்திலிருந்து நடந்து, பள்ளத்தாக்கில் இறங்கினேன்.

குடிலைக் கண்டதும் நின்றுவிட்டேன். இகழ வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் போனேன், முடியவில்லை. ஆற்றங்கரை மேட்டில், காற்றுக்கு முதுகு காட்டி, மண்ணிறத்தில், மூச்சை அடக்கிக் குந்தியிருக்கும் ஒரு விலங்கைப் போல் அது இருந்தது. குனிந்து நுழைந்தேன். வெளியிலே ஒலித்த ஆற்றின் சத்தம் உள்ளே பாதியாகியது. புகைத் துளையால் வந்த வெளிச்சம் அடுப்புக் கற்களின் மேல் விழுந்தது. பின்பக்கத் தோல்விரிப்பில் இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருந்தது. எவருடைய சைக்கிளும் இல்லை.

"அக்கா, நீங்கதானா அவங்க மிஸஸ்?" மாணவி பின்னால் வந்தார். கையெல்லாம் கீறல். "அண்ணா இல்லேன்னா இது நின்னிருக்காது அக்கா. ரெண்டு தடவ சரிஞ்சு விழுந்துச்சு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சரிந்த செய்தி எங்கள் அறைக்கு வரவில்லை.

தன்னார்வலர்களில் பாதிப்பேர் கணவர் தொழிற்சாலையிலிருந்து இழுத்து வந்த எங்கள் ஆட்கள். எல்லோருக்கும் மூத்தவராக, அங்கிள் என்று அழைக்கப்பட்ட ஒருவர், வாசலில் நின்று என் கையைப் பார்த்தார். "ஆ, பால் வந்திட்டுது. புது வீட்டுக்குள்ள பால் காய்ச்சாமச் சும்மா போறதே? எங்க சட்டி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பால் தேநீருக்கு அல்ல. அவர்கள் குடிபுகல் நடத்தப்போகிறார்கள்.

வோபர்ன் அறைக்கு நாங்கள் போன அன்று, பால் காய்ச்சுவமா என்று நான் கேட்டேன். "ஆரின்ரையோ வீட்டில நாங்கள் என்னத்தைக் காய்ச்சிறது?" என்று அவர் சொன்னார். அது சரியான வாதம்தான், நானும் ஏற்றுக்கொண்டேன். இப்போது யாரோ ஒருவரின் வீட்டில், எந்தக் காலத்திலோ வாழ்ந்த யாரோ ஒருவரின் வீட்டில், எவர்சில்வர் சட்டி அடுப்பேறப் போகிறது.

பால் சட்டியை வீட்டுக்காரிதான் அடுப்பில் வைக்க வேண்டும். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். நான் பையை வெட்டிப் பாலைச் சட்டியில் ஊற்றி, ஓர் அடி முன்னால் வந்தேன்.

"தங்கச்சி, நீங்கள் வையுங்கோ" என்றார் கணவர், மாணவியைப் பார்த்து.

"ஐயோ, நானா? அக்கா வைக்கட்டுமே அண்ணா."

"இல்லையில்லை, நீங்கள்தான் இதில கிடந்து பாடுபட்டனீங்கள். அக்கா இண்டைக்குத்தானே வந்தவ."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் அன்றைக்குத்தான் வந்தேன். சட்டி என் கையிலிருந்து மாணவியின் கைக்கு மாறியது. பால் கொதித்து, எழுந்து, நாற்புறமும் வழிந்து சாம்பலில் சீறியது. "பொங்கீட்டுது! பொங்கீட்டுது!" என்று அங்கிள் கைதட்டினார். புகை என் கண்ணில் பட்டது; கண்ணைத் துடைத்துக்கொள்ள அது வசதியாக இருந்தது.

பேராசிரியை அந்த நேரத்தில்தான் மேட்டில் ஏறி வந்தார். வாசலில் குனிந்து, மூக்கைச் சுருக்கி, "இது பாலா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாணவியின் முகம் வெளுத்தது. விடயம் பிறகுதான் எல்லோருக்கும் விளங்கியது: அந்த அடுப்பில் மான் இறைச்சி மட்டும் வாட்டி, குடிலை உக்க விட்டு, பின்னொரு காலத்தில் மண்ணைத் தோண்டி, அதில் எஞ்சிய கொழுப்பைப் பழைய அடுப்புகளின் மண்ணோடு ஒப்பிடுவதுதான் திட்டம். மாணவியின் ஆய்வு முழுவதும் அந்த அடுப்படி மண்ணில் இருந்தது. எங்கள் ஆரவாரத்தில் அவரே அதை மறந்துபோனார்.

"இந்த மக்கள் கண்ட பால் தாய்ப்பால் ஒன்றுதான்" என்றார் பேராசிரியை. பிறகு சிரித்தும்விட்டார். "நல்ல சடங்கு. காலம்தான் கொஞ்சம் முந்திவிட்டது."

இப்படி ஒரு பிழையை எங்களைத் தவிர வேறெவரும் செய்திருக்க முடியாது. பசுவும் சட்டியும் அறியாதவர்களின் வீட்டுக்குப் பால் காய்ச்சி, அவர்களை முறைப்படி குடியேற்றிவிட்டோம்.

"நான் திருத்தித்தாறன்" என்றார் கணவர் உடனே. "அடுப்பு மண் முழுக்கத் தோண்டி எடுத்திட்டு, வாற சனி புதுசாப் போடுவம்."

"வாற சனி மல்வேர்ன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது பின் இருக்கையில் இருந்தோம். "கோ-ஒப்புக்கு ஒரு போன் அடிச்சு வேற நாள் கேட்டுப் பாருமன்" என்றார்.

"வேற நாள் தரமாட்டினம் எண்டு மற்றாக்களுக்குச் சொல்லுறதுதான் என்ர வேலை."

"அந்தப் பிள்ளையின்ர படிப்பு எங்களாலதானே பழுதாப்போச்சு. விட்டிட்டு வரேலுமே?"

முடியாதுதான். நான் இரு பக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். அடுப்பைத் திருத்தாமல் விட்டால் ஒரு பெண்ணின் உழைப்பு வீணாகும். மல்வேர்னுக்குப் போகாவிட்டால் எங்கள் வீடு போகும். நியாயம் அவர் பக்கமும் இருந்தது, அதுவே என்னை மேலும் எரித்தது.

"எனக்கு அந்தக் குடிலைப் பாக்கப் பொறாமையாக் கிடக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "மாட்டுத் தோலிலையோ?"

"ஓம். அந்த மாட்டுத் தோலிலதான்."

சிரிப்பு நின்றது. யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "கோ-ஒப் எண்டா இஞ்சதான் இருக்கப்போறம் எண்டு ஆக்களுக்கு முன்னால போயிருந்து சொல்லோணும். குடிலில ஒருத்தரும் என்னட்ட அப்பிடிக் கேக்கேல்லை."

அந்தப் "பாப்பம்" என்பதன் அடியில் இருந்தது இதுதான் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்கு இரக்கம் வந்தது. பொறாமை போகவில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. "அந்தச் சனமும் எங்கையும் நிரந்தரமா இருக்கிறம் எண்டு சொல்லேல்லை" என்றேன். "ஒரு குளிருக்கெண்டாலும் நிலத்தைத் தோண்டித்தானே கட்டினவை?"

அவர் நகத்துக்கு அடியில் இருந்த களிமண்ணைச் சுரண்டத் தொடங்கினார்.

புதன் பின்னேரம், அவர் வேலைக்குப் போவதற்கு முன்னர், நானும் அவரோடு பள்ளத்தாக்குக்குப் போனேன். மூவராகச் சேர்ந்தால் அன்றே முடிந்துவிடும், சனி மிஞ்சும் என்பது என் கணக்கு. மாணவியும் நானும் பால் ஊறிய சாம்பலையும் மண்ணையும் கரண்டியால் அள்ளி வாளியில் போட்டோம். அவர் ஆற்றங்கரையிலிருந்து புதுக் கற்களைத் தேர்ந்து கொண்டுவந்தார். ஒவ்வொரு கல்லையும் காதருகே பிடித்துத் தட்டிப் பார்த்தார். ஈரம் குடித்த கல் நெருப்பில் வெடிக்குமாம்.

"அக்கா, இவங்களுக்குள்ள சண்ட வந்தா என்ன பண்ணியிருப்பாங்க?" மாணவி மண்ணைக் கிளறியபடி பேசினார். என்னை ஆறுதல்படுத்த ஏதாவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "இவங்களப் பத்தி நமக்குத் தெரியாது. ஆனா இப்பவும் வேட்டையாடி வாழற சில ஜனங்க இருக்காங்கல்ல, அவங்ககிட்ட பாத்திருக்காங்க. பக்கத்து வீட்டோட மனக்கசப்புன்னா வாசலத் திருப்பி வச்சுக்குவாங்க. ரொம்ப முத்திடுச்சுன்னா பேசறதே இல்ல. குடிசையப் பிரிச்சுத் தூக்கிட்டு வேற கூட்டத்தோட போயிடுவாங்க. யாரும் யாரையும் தடுக்க மாட்டாங்க."

நான் வாளியை வைத்துவிட்டு, வாசலருகே போடப்பட்டிருந்த அந்த இருக்கைக் கல்லில் இருந்தேன். வெளிச்சம் உண்மையிலேயே அங்கேதான் நன்றாக இருந்தது. அதுவரை நான் பொறாமைப்பட்டது தோலையும் கம்பையும் அவற்றின் மீது அவர் வைத்த கவனத்தையும் பார்த்து. இப்போது அந்த மக்களையே பார்த்துப் பொறாமைப்பட்டேன். மற்றவருடைய மனம் இளகட்டும் என்று ஒருவருக்கொருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவில்லை. போக வேண்டியவர் போனார். வர விரும்பியவர் கூடப் போனார்.

கணவர் கல்லை இறக்கிவிட்டு நிமிர்ந்தார். "இண்டைக்கு முடியாது. அடுப்புக்குப் போடுற களிமண் காய வேணும். பேராசிரியையும் சனி வந்துதான் நெருப்பு மூட்டிப் பாக்கப்போறா. நான் நிக்கத்தான் வேணும்."

"நில்லுங்கோ" என்றேன். "நான் மல்வேர்னுக்குப் போறன்."

"தனியாவோ? ரெண்டு பேரும் வரோணும் எண்டல்லோ சொன்னவை?"

"என்ர பேரில மட்டும் கேக்கப்போறன். அப்பிடிக் கேக்கலாம், நான் விசாரிச்சிட்டன்."

"அப்ப நான்?"

"வாறதெண்டா வாங்கோ."

கோபத்தோடு சொல்லவில்லை, அது எனக்கே வியப்பாக இருந்தது. மாணவிக்கு அந்த நிமிடத்தில் ஒரு கல்லில் பெரும் அக்கறை பிறந்தது; அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார். கணவர் களிமண் கைகளை விரித்தபடி நின்றார்.

சனிக்கிழமை மல்வேர்னில் ஒரு பொது அறை. குழுவினர் மடக்கு மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதான கரீபியப் பெண்மணி, "உங்கள் கணவர் எங்கே?" என்று கேட்டார்.

"ஒரு பழைய வீட்டின் அடுப்பைத் திருத்தப் போயிருக்கிறார்."

"எவ்வளவு பழையது?"

"இங்கே பனி உருகிய காலத்து வீடு" என்றேன். மேசை முழுவதும் சிரித்தது. பிறகு கேள்விகளுக்கு வந்தார்கள்: கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவீர்களா, பொது வேலைகளில் பங்கெடுப்பீர்களா, இங்கே நீண்டகாலம் இருக்கும் எண்ணம் உண்டா. கடைசிக் கேள்விக்கு நான் "நாங்கள்" என்று தொடங்கி, நிறுத்தி, "எனக்கு உண்டு" என்றேன். என் வாயால் அப்படி ஒரு வசனம் அதற்கு முன் வந்ததில்லை.

அடுத்த வாரம் வீடு கிடைத்த செய்தி வந்தது. அக்காதான் தொலைபேசியை எடுத்துக் கொடுத்தவர். கேட்டுக்கொண்டே நின்று, "போங்கோ போங்கோ, எனக்கும் அந்த அறை தேவைதான்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

ஒக்டோபரில் மல்வேர்ன் வீட்டுக்கு மாறினோம். கணவரும் வந்தார். உறுப்பினர் நான் ஒருத்திதான். அவர் என்னோடு குடியிருப்பவர் என்றே பதிவானார், அதை மாற்றும்படி அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மாதக் கூட்டங்களுக்கு நான் போனேன். சனிக்கிழமைகளில் அவர் பள்ளத்தாக்குக்குப் போனார். முன்னர் போலன்றி, போகும்போது எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.